கையெழுத்துக் கட்டத்தில் குங்குமம்

தொலைபேசி ஒலித்தபோது நான் காலை நாளிதழில் ஒரு பிழையைச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருந்தேன். பணியிலிருந்து ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. மறுமுனையில் குணவதியின் மகன். "மேடம், அம்மா போயிட்டாங்க. விடிஞ்சதும் நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆட்டோவுல ஏத்திக்கினு வந்தோம். ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் பேசிக்கினுதான் வந்தாங்க. எதிர்ல வந்த பஸ்ஸு ஹாரன் அடிச்சிட்டுத் தாண்டிச்சி. தாண்டுனப்பறம் ஏன் சத்தம் எறங்கிப் போவுதுன்னு ஆட்டோக்காரரக் கேட்டாங்க மேடம். அதான் கடைசி."

அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய வார்த்தைகள் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் என் வாயில் வந்தது வேறு. "ஆட்டோக்காரர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன். "தெரியலக்கான்னாரு மேடம்" என்றான் பையன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் உங்கள் பிள்ளைகளை எல்.கே.ஜி.யில் குணவதி டீச்சரிடம் விட்டவர்கள். சிலர் அவரிடம் படித்தவர்கள். இரங்கல் கூட்டத்தில் அவரைப் பொறுமையின் வடிவம் என்று ஒருவர் பேசினார். நான் எழுந்து திருத்தவில்லை, இப்போது திருத்துகிறேன். குணவதிக்குப் பொறுமை கிடையாது. ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அடுத்த பேருந்து வரும்வரைகூட அவரால் காத்திருக்க முடியாது. இறங்கி நடந்துவிடுவார்.

எங்கள் மாவட்டம் புதிதாகப் பிரிந்து, வேங்கிக்கால் பக்கம் அலுவலகங்களும் வீடுகளும் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் என் கணவர் இங்கே மாற்றலாகி வந்தார். வந்த எட்டாம் மாதம் காலமானார். உறவினர்கள் என்னைச் சென்னைக்கு அழைத்தார்கள். யார் வீட்டிலும் ஓர் அறையில் ஒதுங்கி வாழ எனக்கு விருப்பமில்லை. கன்னியாஸ்திரிகளிடம் படித்த ஆங்கிலமும், அவர்கள் கற்றுத்தந்த ஒழுங்கும் என்னிடம் இருந்தன. அவற்றை நம்பி, அப்போது மூன்றே அறைகள் இருந்த ஒரு நர்சரிப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றேன். வெள்ளைக் காலுறை, வெட்டிய நகம், பெயர் தைத்த கைக்குட்டை, அன்றாடம் கையெழுத்திட்ட டைரி. என் பள்ளியில் இவற்றுக்கு விலக்கு இல்லை.

நேர்காணலுக்குக் குணவதி கீழ்பென்னாத்தூர் பேருந்தில் வந்தார். சேலை கசங்கியிருந்தது, பையில் ஓட்டோடு வேர்க்கடலை இருந்தது. எண்களை எப்படிக் கற்பிப்பீர்கள் என்று கேட்டேன். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"மேடம், இந்த ஜன்னல ஏன் இவ்ளோ ஒசரத்துல வெச்சிருக்காங்க? புள்ளைங்க எப்பிடி வெளிய பாக்கும்?"

"பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்தால் போதும்" என்றேன்.

"பாக்கும்தான் மேடம். ஆனா எவ்ளோ நேரம் பாக்கும்?"

அவரை நான் தேர்ந்தெடுத்தது அவருடைய சிறப்பை உணர்ந்து அல்ல. ஆசிரியப் பயிற்சி முடித்தவர் வேறு எவரும் விண்ணப்பிக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

சேர்ந்த இரண்டாவது வாரம் அந்த வேர்க்கடலை வகுப்புக்குள் வந்தது. ஆளுக்கு ஒரு கடலையைக் கொடுத்து, "இத்த உடைக்கக் கூடாது. உள்ள எத்தினி பருப்பு இருக்குதுன்னு வீட்ல கேட்டுக்கினு வாங்க. எப்படித் தெரியும்னும் கேளுங்க" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் வகுப்பில் கேட்ட இரைச்சலில் நான் பிரம்போடு போனேன். ஒருத்தியின் தாத்தா காதருகே ஆட்டிப் பார்த்துச் சொன்னாராம். ஒருவனின் அத்தை, கடலைக்கு இடுப்பு எத்தனை என்று எண்ணச் சொன்னாளாம். கலெக்டர் ஆபீஸ் எழுத்தர் ஒருவர் ஒரு முழுத்தாளில் காரணங்களை வரிசையிட்டு எழுதி, கீழே கையொப்பமும் இட்டிருந்தார். அவர் சொன்ன எண் தவறு. உடைத்துப் பார்த்தபோது அவர் மகன் அடைந்த மகிழ்ச்சியை நான் அதற்கு முன் எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை. ஆனாலும் தரையெல்லாம் ஓடு. பெருக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதிலிருந்து அவர் வகுப்பில் வீட்டுப்பாடம் குறைந்தது, வீட்டுக் கேள்வி தொடங்கியது. தாளில் எழுதி அனுப்பமாட்டார், பிள்ளையின் வாயில் சொல்லி அனுப்புவார். "தாள்ல அனுப்பனா தாள்தான் மேடம் திரும்பி வரும். வாயில அனுப்பனா வீடே திரும்பி வரும்" என்பார். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே டைரி இருக்கிறது, அது போதும் என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் அச்சிட்ட அழகான டைரி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம், பக்கத்தின் அடியில் இரண்டு கட்டங்கள். ஒன்று பெற்றோர் கையெழுத்துக்கு, மற்றது தலைமை ஆசிரியைக்கு.

அந்த ஆண்டு அவர் வகுப்பில் பவானி என்றொரு குழந்தை சேர்ந்தாள். அடி அண்ணாமலையிலிருந்து வருவாள். அப்பா லாரி ஓட்டுநர். வடக்கே போனால் திரும்ப மூன்று வாரம். மகள் இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்று சேர்த்துவிட்டுப் போனவர் அவர்தான். அம்மா அமுதா அந்த ஊர்க் கோயில் வாசலில் பக்தர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்பவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்கவுமில்லை.

பவானியின் டைரி முதல் நாள் திரும்பி வந்தபோது, பெற்றோர் கட்டத்தில் கையெழுத்து இல்லை. ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. 'டைரியை அழுக்காக்க வேண்டாம்' என்று பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஆங்கிலத்தில் எழுதினேன். மறுநாள் பொட்டு சற்றுப் பெரிதாக இருந்தது. என் வரியும் பெரிதாயிற்று. அதற்கடுத்த நாள் பொட்டைச் சுற்றி மஞ்சள் வேறு. 'முதல் எச்சரிக்கை' என்று எழுதினேன். இரண்டாம் வாரம் இரண்டாவது எச்சரிக்கை, மூன்றாம் வாரம் மூன்றாவது. பெற்றோர் நேரில் வர வேண்டும் என்று எழுதியதற்கும் பதிலாக வந்தது பொட்டுதான். மூன்று எச்சரிக்கைக்குப் பிறகு பெயரை நீக்கலாம் என்பது டைரியின் முதல் பக்கத்தில் அச்சிட்ட விதி. அதை எழுதியவளும் நானே.

பெயர் நீக்கப் பட்டியலில் எழுதும் முன் வகுப்பாசிரியையிடம் தெரிவிக்க வேண்டும் என்பதால் குணவதியை அழைத்தேன். அவர் டைரியை வாங்கி, கதைப் புத்தகம் போல முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. கண் மட்டும் விரிந்துகொண்டே போயிற்று. புரட்டி முடித்துவிட்டுப் பவானியை அழைத்து வந்தார்.

"இத்த யாரு கண்ணு வெச்சது?"

"எங்கம்மா."

"எதுக்கு வெச்சாங்க?"

"அப்பா லாரிக்குப் போறப்ப சொல்லிச்சி, தெனம் கட்டத்துல ஒண்ணு வெச்சி அனுப்பணும்னு. அதான்."

"சரி, ஏன் தெனம் பெருசாவுது?"

பவானி என்னைக் காட்டினாள். "பெரிய டீச்சர் செவப்புல பெருசு பெருசா எழுதறாங்க இல்ல? நான் நல்லா படிக்கறேன்னு எழுதிக்கிறாங்களாம். எங்கம்மா சாமி படத்தாண்ட வெச்சிக் காமிச்சிச்சி."

குழந்தையை அனுப்பிவிட்டு வந்து குணவதி சொன்னார்: "மேடம், மூணு வாரமா நீங்களும் அவங்களும் லெட்டர் போட்டுக்கினு இருக்கீங்க. ரெண்டு பேரும் செவப்புலயே."

நான் சிரிக்கவில்லை. விதி விதிதான் என்றேன். அடுத்த பௌர்ணமி கழிந்த திங்கட்கிழமை வரை அவகாசம் கேட்டார். "அதுக்குள்ள அவங்க இங்க வருவாங்க மேடம்." "வராவிட்டால் பெயர் நீங்கும்" என்றேன். "வராட்டி நானே பட்டியல்ல எழுதித் தரேன் மேடம்" என்றார். பந்தயம் போலச் சொன்னாரே தவிர, அவர் விரல்கள் டைரியின் விளிம்பை விடவே இல்லை.

அமுதாவுக்கு அவர் ஆள் அனுப்பவில்லை, கடிதம் எழுதவில்லை. வகுப்பு முழுவதற்கும் ஒரு கேள்வி அனுப்பினார்: உங்கள் வீட்டில் யார் எதை எண்ணிப் பார்க்காமலே சரியாகச் சொல்வார்கள்? பதில்கள் வந்தன. ஒருத்தியின் அம்மா மாவைக் கரண்டியால் தூக்கிப் பார்த்தே எத்தனை இட்லி என்று சொல்லிவிடுவாளாம். ஒருவன் வீட்டில் பெரியப்பா கடிகாரம் பார்க்காமல் போளூர் பேருந்து வரும் நேரம் சொல்வாராம். பவானி எழுந்து, "எங்கம்மா செருப்பு" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் உட்காரவில்லை. "செருப்பப் பாத்தா ஆளச் சொல்லும் எங்கம்மா. டோக்கன் தொலைச்சிட்டு வந்தாக்கூட சரியா எடுத்துக் குடுக்கும்."

"அப்படியா? அது எப்படி?" என்றார் குணவதி. பவானிக்குச் சொல்லத் தெரியவில்லை. "அப்ப உங்கம்மாவையே வந்து காட்டச் சொல்லேன்."

பௌர்ணமி கழிந்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அமுதா வந்தார். விளக்கம் சொல்ல வரும் ஒரு தாயை எதிர்பார்த்து நான் அலுவலக அறையில் நேராக உட்கார்ந்திருந்தேன். அவர் தலையில் ஒரு சாக்கு மூட்டையோடு வந்து வேப்பமரத்தடியில் இறக்கினார். அவிழ்த்தால் அத்தனையும் செருப்பு. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் எவரும் திரும்ப வந்து கேட்காமல் நின்றுபோனவை.

"குணவதி, இது ஸ்கூலா, சந்தையா?" என்றேன்.

"வகுப்புக்குள்ள சரஸ்வதி படம் இருக்குதுன்னுதான் மேடம் மரத்தடிக்கு வந்தோம். கொஞ்ச நேரம். அப்பறம் திட்டுங்க."

நான் தாழ்வாரத் தூணருகே நின்றுகொண்டேன். திட்டுவதற்காகத்தான் நின்றேன். ஆனால் விரைவில் அது எனக்கு மறந்துபோயிற்று. பிள்ளைகள் குவியலில் ஜோடி தேடினார்கள். வலது எது, இடது எது, பெரிது எது, சிறிது எது என்று நான் ஒரு பருவம் முழுக்கக் கரும்பலகையில் சொல்லவைத்த பாடம் அங்கே தானாக நடந்தது. ஓர் அதிகாரி வீட்டுப் பையன் எல்லாரையும்விட வேகமாகச் சேர்த்தான். பழுப்பு நிறத்தில் இரண்டை எடுத்து, "ஆன்ட்டி, ஜோடி!" என்றான்.

அமுதா வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இல்ல ராஜா. ஒரே சைஸு, ஒரே கலரு, ஆனா ஜோடி இல்ல. இத்தப் பாரு, குதிகால்ல உள்பக்கம் தேஞ்சிருக்குது. இது வெளிப்பக்கம். ரெண்டும் வேற வேற ஆளு."

"இது யாரு ஆன்ட்டி?"

"இதுவா? இது கொழந்தய இடுப்புல வெச்சிக்கினு நடக்கற பொம்பள. ஒரு பக்கமே அழுந்திக்கிது பாரு. இது சைக்கிள் மிதிக்கிறவரு, நடுவுல பள்ளம் உளுந்திருக்கு."

அவருக்குக் கூச்சம் போய்விட்டது. குணவதிக்கோ ஆர்வம் தாங்கவில்லை. அலுவலக வாசலில் கிடந்த ஒரு ஜோடியைக் காட்டி, "அப்ப அது யாருதுன்னு சொல்லு பாக்கலாம்" என்றார். அமுதா போய் எடுத்துவந்து, வெளிச்சத்தில் பிடித்து, நெடுநேரம் பார்த்தார்.

"வாரு பழசு. மூணு நாலு வருசம் இருக்கும். ஆனா அடி தேயவே இல்லியே." விரலால் தடவினார். "பாவம், இவங்க எங்கியுமே போறதில்ல போலக்கிது."

"அது பெரிய டீச்சர் செருப்பு!" என்று பிள்ளைகள் கூவினார்கள்.

அமுதா நாக்கைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அப்போதுதான் என்னை முதன்முறையாக அருகில் பார்க்கிறார். அவர் பார்வை என் முகத்தில் நிற்காமல் நெற்றிக்குப் போய், அங்கிருந்த திருநீற்றுக் கீற்றில் நின்றது. செருப்பை இரண்டு கையாலும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். டைரியைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அது என் கணவர் கடைசியாக வாங்கித் தந்த செருப்பு. வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து வீடு, இரண்டுக்கும் நடுவே இருநூறு அடி. அமுதா சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

மறுநாள் காலை அந்த அதிகாரி வீட்டு அம்மாள் வந்தார். "மேடம், கண்டவங்க போட்ட செருப்ப எம் பையன் தொட்டுட்டு வந்திருக்கான். இதுக்குத்தான் இங்கிலீஷ் ஸ்கூல்ல சேத்தமா? செருப்பு பாக்கறவ பொண்ணு கூட எம் பையன் உக்கார மாட்டான். அவ இருக்கணும், இல்ல எம் பையன் இருக்கணும். நீங்களே முடிவு பண்ணுங்க." அவர் போன கால் மணி நேரத்தில் நிர்வாகியிடமிருந்து தொலைபேசி. அவர் குரலில் கடுமை இல்லை, அக்கறைதான் இருந்தது. "அந்தப் பொண்ணு மேல ஏற்கெனவே மூணு வார்னிங் குடுத்திருக்கீங்களாமே மேடம். அப்பறம் என்ன, ரூல்ஸ் படியே முடிச்சிடுங்க. யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

பிற்பகல் வரை அந்தப் பட்டியல் என் மேசையில் கிடந்தது. எவரும் என்னைக் குறை சொல்ல முடியாதபடி எல்லாம் முறையாக இருந்தது. என் கையெழுத்திலேயே இருந்தது.

குணவதி வந்தார். கெஞ்சுவார் என்று எதிர்பார்த்து அதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தேன். அவர் பவானியின் டைரியை விரித்து என் முன்னே வைத்தார். "மேடம், ஒரு விஷயம் எனக்குப் புரியல. கேக்கலாமா?"

"கேளுங்கள்."

"இன்னைக்குப் பக்கத்துல அவங்க கட்டம் காலியா இருக்குது. இத்தன வாரத்துல மொத தடவ. நேத்து உங்க நெத்தியப் பாத்துட்டுப் போனாங்க. அதனால வெக்கல. இது புரியுது." பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். "உங்க கட்டம் மொத நாள்லேர்ந்தே காலியா இருக்குது. குறுக்க எழுதியிருக்கீங்க, மேல எழுதியிருக்கீங்க, ஓரத்துல எழுதியிருக்கீங்க. கட்டத்துல மட்டும் ஒண்ணுமே இல்ல. அது ஏன் மேடம்?"

குத்திக்காட்டும் குரல் அல்ல அது. ஜன்னல் ஏன் உயரத்தில் இருக்கிறது என்று கேட்ட அதே குரல். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று டைரியை விரித்தபடியே விட்டுப் போய்விட்டார்.

அன்று பள்ளி விட்டபின் டைரியை வீட்டுக்கு எடுத்துச் சென்று, வெளிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்து பார்த்தேன். டைரி அழுக்காகிறது என்று எழுதினேனே, அது காரணம் இல்லை. அந்த முதல் பொட்டைப் பார்த்த கணத்தில், கணவனை இழந்தவளுக்கு எவளோ வேண்டுமென்றே குங்குமம் அனுப்புகிறாள் என்று நினைத்தேன். பொட்டு பெரிதாகப் பெரிதாக என் மையும் அதனால்தான் பெரிதாயிற்று. அமுதா என்னைப் பார்த்ததே இல்லை, என் நெற்றி எப்படி இருக்கும் என்று அறிந்திருக்க வழியே இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண் தினமும் தன் வீட்டிலேயே உயர்ந்த பொருளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நான் ஒரு கட்டத்தை நிரப்பக்கூட மனமில்லாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

எச்சரிக்கைகள் மூன்றையும் ஒற்றைக் கோட்டால் அடித்தேன். அடித்த இடத்துக்கெல்லாம் பக்கத்தில் முழுப் பெயரையும் எழுதினேன்; அடித்தலுக்குக் கையொப்பம் வேண்டும் என்பதும் விதிதான். கட்டத்தில் என்ன வைப்பது என்று தெரியவில்லை. என் கையெழுத்து அமுதாவுக்கு இன்னொரு சிவப்புக் கோடு. குங்குமம் என்னிடம் இல்லை. முகம் கழுவி நெற்றிக்குத் திருநீறு எடுத்தபோது விரலில் மிச்சமிருந்தது. அதைக் கட்டத்தில் வைத்தேன். உதிர்ந்தது. ஒரு சொட்டு நீரில் குழைத்து மறுபடி வைத்தேன். ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலை நிர்வாகியிடமும் அந்த அம்மாளிடமும் ஒரே பதிலைச் சொன்னேன். "பையன் இருக்கலாம். பவானி இருப்பாள். அவன் செருப்பைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவியிருக்கிறான். அது குணவதி சொல்லிக்கொடுத்தது." அந்த அம்மாள் பையனை அழைத்துப் போய்விட்டார். அவர்கள் திரும்ப வரவில்லை. நிர்வாகி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நாங்கள் வென்றோம் என்று குணவதி ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் காலி இருக்கையைப் பார்க்கும்போதெல்லாம், "அவன்தான் மேடம் ஜாஸ்தி ஜோடி சேத்தான்" என்பார்.

பவானியின் டைரி அதற்கடுத்த நாள் வந்தது. திருநீற்றுக்குப் பக்கத்துக் கட்டத்தில் ஒரு குங்குமப் பொட்டு. முன்பு போலப் பெரிதாக இல்லை, கடுகு அளவுதான். எழுதுவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. ஆண்டு முழுவதும் அந்த டைரி அப்படியே போய் வந்தது.

அடுத்த ஆண்டு டைரி அச்சிட்டபோது 'பெற்றோர் கையெழுத்து' என்பதை எடுத்துவிட்டு, தமிழில் 'வீட்டிலிருந்து' என்று போட்டேன். அந்தக் கட்டத்தில் வந்தவற்றை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்: கட்டைவிரல் ரேகை, வேப்பிலை, தேநீர்க் குவளையின் வட்டம், ஒருமுறை ஒரு கோழி இறகு. 'கோழி இறகு ஒட்டக்கூடாது' என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டு மூடினேன். குணவதியின் கையெழுத்தைப் பற்றி மட்டும் கடைசி வரை நான் சமாதானம் ஆகவில்லை. அவர் பாடக்குறிப்பில் பக்கத்துக்கு ஐந்து சுழி என் கணக்கு. "நீங்க சுழிச்சாத்தான் மேடம் அது பாக்க லட்சணமா இருக்குது" என்று சிரிப்பார்.

சனிக்கிழமைப் பிற்பகல்களில் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போவோம் என்று அவர்தான் தொடங்கினார். நான் ஒருமுறை துணைக்குப் போனேன். பிறகு ஓய்வு பெறும்வரை, ஓய்வு பெற்ற பின்னும்கூட, போய்க்கொண்டே இருந்தேன். கீழ்பென்னாத்தூரின் களத்து மேடுகள், அடி அண்ணாமலையின் கடைகள், வேங்கிக்காலில் சுண்ணாம்பு காயாத புது வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்றைப் பார்த்து, "இது எப்படிங்க?" என்று கேட்டுவிடுவார். ஒரு வீட்டில் காப்பி ஆறிப்போகும்வரை உரலின் குழி ஏன் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் மெல்லிய குரலில் என்னிடம் பேசிக்கொண்டே வருவார்.

அவருடைய இறுதிச் சடங்குக்குக் கீழ்பென்னாத்தூர் போயிருந்தேன். கூட்டம் தெருமுனை வரை இருந்தது. பார்த்துவிட்டு வெளியே வந்தபோது வாசலில் செருப்புகள் மலைபோலக் குவிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. என் கண்ணாடி நனைந்திருந்தது, எதுவும் தெரியவில்லை. குவியலின் ஓரத்தில் குந்தியிருந்த ஒரு பெண், யாரும் கேட்காமலே, வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அமுதா. முடி நரைத்துவிட்டது. பக்கத்தில் பவானி நின்றாள். கல்லூரி முடித்து ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள்.

அமுதா என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. குவியலுக்குள் கையை விட்டு ஒரு ஜோடியை எடுத்தார். திருப்பி அடியைப் பார்த்தார்.

"இது உங்குளுதுதாம்மா. இப்ப நல்லா தேஞ்சிருக்குது" என்றார். என் கணவர் வாங்கித் தந்த அதே ஜோடிதான்; வார் மட்டும் பலமுறை மாற்றித் தைத்தது. பிறகு கட்டைவிரலை வலது செருப்பின் வெளி விளிம்பில் வைத்து ஓட்டினார். "ஆனா இந்தப் பக்கம்தான் ஜாஸ்தி. வலப்பக்கமாவே சாஞ்சி நடக்கறீங்க. அது ஏன் பெரிய டீச்சரம்மா?"

எனக்கு இடது காது மந்தம். இதைக் குணவதி கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை, கவனித்துத் தெரிந்துகொண்டார். அதனால் எந்தத் தெருவிலும் என் வலப்பக்கமாகவே நடப்பார். அவர் குரல் மெல்லியது. கேட்பதற்கு நான் அந்தப் பக்கம் சாய வேண்டியிருந்தது.

பொட்டு வைத்த அந்த ஆண்டின் டைரி என்னிடம் இருக்கிறது; அதைப் பவானியிடம் கொடுத்துவிடப் போகிறேன். செருப்பை நான் வைத்துக்கொள்கிறேன். வலப்பக்கம் சாய்ந்து நடப்பதையும்.